பெயருக்கும் மாத்திரை உண்டு

ஜப்பானியர் பெயரில் குடும்பப் பெயர் முதலில் வரும். பெற்றோர் இட்ட பெயர் அதற்குப் பின்னால் வரும். தமிழ்ச் சினிமா ரசிகர்கள் அகிரா குரோசாவா என்று சொல்லும் இயக்குநர் தம் நாட்டில் குரொசவ அகிர. ஆங்கிலத்துக்காக மாற்றிப்போட்ட வரிசையை ஜப்பான் அரசே கைவிட்டுவிட்டது. 2020 ஜனவரி 1 முதல் அரசு ஆவணங்களில் ரோமன் எழுத்தில் எழுதினாலும் குடும்பப் பெயர்தான் முன்னால் நிற்கிறது. எல்லாக் குடிமக்களும் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டாக வேண்டும் என்ற ஆணை 1875இல்தான் வந்தது. இட்ட பெயர் அதைவிடப் பழைய வழக்கம், அதைவிட நெருக்கமானது.

அலுவலகத்திலும் தொழிற்சாலையிலும் ஜப்பானியரைக் குடும்பப் பெயரோடு 'ஸன்' சேர்த்து அழைப்பார்கள். இது குறில், 'சான்' என்று நீட்டுவது பிழை. தன் பெயரோடு யாரும் இதைச் சேர்த்துக்கொள்வதில்லை. இட்ட பெயரைச் சொல்லிக் கூப்பிடுபவர்கள் வீட்டாரும் நெருங்கிய நண்பர்களும்தான். அண்ணனையும் அக்காவையும் பெயர் சொல்லாமல் முறை சொல்லிக் கூப்பிடுவது அங்கேயும் உண்டு. அதனால் ஒரு ஜப்பானியர் தம் இட்ட பெயரைச் சொல்லி அழைக்கச் சொன்னால், நம்மை வீட்டுக்குள் வரச் சொல்கிறார் என்று பொருள். அந்தப் பெயரைக் கவனமாகச் சொல்வது வந்தவர் செய்யவேண்டிய முதல் மரியாதை.

அந்தப் பெயரைச் சரியாகச் சொல்வதற்குத் தேவையான கருவி தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது. அதன் பெயர் மாத்திரை. ஆங்கிலத்தில் சொல்லின் ஏதோ ஓர் அசை அழுத்தம் பெறும், மற்றவை தேய்ந்துபோகும். ஜப்பானிய மொழியில் அப்படி இல்லை. ஒவ்வோர் ஒலியும் சம அளவான ஒரு தட்டு. குறில் ஒரு தட்டு, நெடில் இரண்டு தட்டு. இதுவரை தமிழும் ஜப்பானியமும் ஒன்றேதான். வேறுபாடு மெய்யெழுத்தில் வருகிறது. தமிழில் மெய்க்கு அரை மாத்திரை. ஜப்பானியத்தில் தனித்து நிற்கும் 'ன்' முழுத் தட்டு, இரட்டிக்கும் வல்லினத்தின் முதல் பாதியும் முழுத் தட்டு. நெடிலைக் காட்ட அவர்கள் பெரும்பாலும் பின்னால் ஓர் உயிரெழுத்தைச் சேர்த்து எழுதுகிறார்கள். நம் அளபெடையில் 'ஆஅ' என்று எழுதுவது போன்ற முறை அது.

குறில் நெடில் மாறினால் ஆளே மாறிவிடுவார். யுகி என்பதும் யூகி என்பதும் இரண்டு வேறு பெயர்கள். ஒனொ என்பது ஒரு குடும்பம், ஓனொ என்பது வேறொரு குடும்பம். முன்னதன் பொருள் சிறு வயல்வெளி, பின்னதன் பொருள் பெரு வயல்வெளி. பாடகர் யோகோ ஓனோ என்று தமிழில் எழுதப்படுபவர் ஒனொ குடும்பத்தவர். அவருடைய இட்ட பெயரில் முதல் எழுத்துதான் நெடில், கடைசி எழுத்து குறில். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு இருப்பதாக எழுதிய மொழியியலாளர் சுசுமு ஓனோ, 1919 முதல் 2008 வரை வாழ்ந்தவர், ஓனொ குடும்பத்தவர். அவருடைய உறவுக் கொள்கையை மொழியியலாளர் பலர் ஏற்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் அவர் பெயர் தெரியாத தமிழாசிரியர் குறைவு. இந்த இரண்டு குடும்பப் பெயர்களையும் ஆங்கில எழுத்து ஒன்றாக்கிவிட்டது. எகரத்துக்கும் ஒகரத்துக்கும் குறில் நெடில் இரண்டுமே உள்ள தமிழ் எழுத்து அவற்றைப் பிரித்துக் காட்ட வல்லது. இந்தி எழுத்துக்கே இயல்பாக இல்லாத வசதி இது. அதைப் பயன்படுத்தாமல் விடுவது பெரிய இழப்பு.

பயன்படுத்தாததற்கு ஒரு காரணம் உண்டு. தமிழ்ச் சொல் குறில் ஒகரத்தில் முடிவதில்லை. 'நொ' என்ற ஓரெழுத்துச் சொல் ஒன்றுக்கு மட்டுமே நன்னூல் இடம் தருகிறது. எனவே 'கொ' என்று முடியும் பெயரைக் கண்டால் தமிழ்க் கை தானாக ஒற்றைக் கொம்பை இரட்டைக் கொம்பாக்கி 'கோ' என்று எழுதிவிடுகிறது. ஜப்பானியப் பெண்கள் பெயரில் மிகப் பழகிய ஈறு இந்தக் 'கொ'தான். பிள்ளை என்று பொருள். யூகொ, கேகொ, நஒகொ, மிச்சிகொ என்று ஆயிரக்கணக்கான பெயர்கள் அதில் முடிகின்றன. அத்தனை பெயர்களும் தமிழில் கடைசி எழுத்து நீண்டு ஒலிக்கின்றன.

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில் ஒரு தறிவீட்டில் நடந்தது இதற்கு நல்ல சான்று. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பானியத் தொழிற்சாலைகள் வந்தபிறகு காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு விடிகாலையில் கம்பெனி பஸ் வருவது வழக்கமாகிவிட்டது. தறியில் உட்கார வேண்டிய பிள்ளைகள் அந்த பஸ்ஸில் ஏறினார்கள். அவர்களில் ஒருவர், தம்மோடு வேலை பார்த்த ஜப்பானியப் பெண்மணி பட்டு நெய்வதைப் பார்க்க ஆசைப்பட்டார் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தம் வீட்டுக்கு அழைத்து வந்தார். அந்தப் பெண்மணியின் பெயரில் முதல் எழுத்து நெடில், கடைசி எழுத்து குறில். தொழிற்சாலையில் எல்லோரும் அதைத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டை ஆங்கிலத்தில் இருந்தது. அதில் நெடிலுக்கு எந்த அடையாளமும் இல்லை. அந்தப் பெண்மணி அதைத் திருத்தியதே இல்லை.

குழித்தறிக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்கார வைத்தார்கள். கோர்வைச் சேலை ஒன்று தறியில் இருந்தது. ஒருவர் நெய்ய, இன்னொருவர் கரையின் நாடாவை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வீட்டுப் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "உம் பேரு என்னம்மா?" என்று கேட்டார். விருந்தாளி சொன்னார். பாட்டி, "இன்னொரு தபா சொல்லும்மா" என்றார். விருந்தாளி இந்த முறை படமரத்தின்மேல் விரலால் தட்டிக்கொண்டே சொன்னார். மூன்று தட்டு: முதல் எழுத்துக்கு இரண்டு, கடைசி எழுத்துக்கு ஒன்று. பாட்டி காதால் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு, "மொதல்ல நீட்டணும், கடைசில நீட்டக்கூடாது. அவ்ளோதானே?" என்றார். விருந்தாளி எழுந்து நின்று குனிந்து வணங்கினார். தமிழ்நாட்டுக்கு வந்தபிறகு தம் பெயரைச் சரியாகச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் முறை என்று உடன் வந்த இளைஞரிடம் சொன்னார். இக்கட்டுரையை எழுதுபவரும் அன்று அந்தத் தறிவீட்டில் இருந்தார். இரண்டு வருடம் பக்கத்திலேயே வேலை பார்த்தவருக்கு வராத பெயர் பாட்டிக்கு ஒரு நிமிடத்தில் வந்ததற்குக் காரணம், இளைஞர் அதை ஆங்கில எழுத்தில் கண்ணால் படித்தார், பாட்டி காதால் வாங்கினார் என்பதுதான்.

விருந்தாளி ஊரின் பெயரையும் கேட்டுத் தம் நோட்டில் எழுதிக்கொண்டார். தமிழ்க் கணக்கில் முசரவாக்கம் ஏழு மாத்திரை: மு, ச, ர மூன்று, வா இரண்டு, க் அரை, க ஒன்று, ம் அரை. அவருடைய நோட்டில் அது எட்டுத் தட்டாயிற்று. 'க்' முழுத் தட்டு பெற்றது. சொல்லிறுதி மகரத்துக்கு அவர்களிடம் எழுத்து இல்லாததால் 'மு' என்று முடிந்தது. மூன்று முறை படித்துக் காட்டி, சரியா என்று கேட்ட பிறகே நோட்டை மூடினார்.

மெய்யோடு உயிர் சேர்க்கும் இந்த வழக்கம் பழையது. காஞ்சியிலிருந்து போனவர் என்று மரபு சொல்லும் போதிதருமர் ஜப்பானில் 'தருமா' என்ற ஒலிக்கு நெருங்கிய பெயரில் வழங்குகிறார். முதல் எழுத்தை மட்டும் மெலிந்த தகரமாகச் சொல்ல வேண்டும், கடைசி எழுத்தைக் குறிலாக்க வேண்டும். வடமொழித் தர்மத்தைத் தமிழ் உகரம் சேர்த்துத் தருமம் ஆக்கிக்கொண்டது. அங்கும் ரகரத்துக்குப் பின் உகரமே வந்து உட்கார்ந்தது.

உயிரெழுத்தில் தமிழர் செய்யும் பிழைகள் எளிதில் திருந்துபவை. வல்லினத்தில் செய்பவை அப்படி அல்ல. க, த, ப ஆகிய எழுத்துகள் தமிழில் சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வலிந்து ஒலிக்கும். இரண்டு உயிர்களுக்கு நடுவே மெலியும். ஜப்பானியத்தில் வலிந்த ககரமும் மெலிந்த ககரமும் வேறு வேறு எழுத்துகள். எந்த இடத்திலும் எதுவும் வரலாம். அகிர என்ற பெயரின் நடு எழுத்து வலிந்தது. தமிழர் அதை 'முகில்' என்பதில் வரும் 'கி' போல மெலிய வைத்துவிடுகிறார்கள். வலியவைக்க வேண்டும் என்று 'அக்கிரா' என்று எழுதினால் இன்னொரு பிழை வந்துசேரும்: ஒரு தட்டு கூடிவிடும். ஜப்பானியத்தில் ஒற்றை வல்லினமும் இரட்டை வல்லினமும் பொருள் வேறுபடுத்துபவை. 'சக' ஒற்றை வல்லினத்தோடு வந்தால் மேட்டுச் சரிவு, இரட்டித்தால் எழுத்தாளர். படு, பட்டு என்ற வேறுபாட்டில் ஊறிய காதுக்கு இது எளிதில் பிடிபடும்.

இதற்கு ஒரு பழக்கம் உதவும். பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் ஒரு தமிழ்ச் சொல்லின் முதல் எழுத்தாக எண்ணிச் சொல்லிப் பார்ப்பது. அகிர: 'அம்மா'வின் அ, 'கிளி'யின் கி, ர. முரகமி: மு, ர, 'கடை'யின் க, மி. ஹாருகி முரகாமி என்று இலக்கியப் பத்திரிகைகளில் அச்சாகும் எழுத்தாளரின் பெயர் முழுக்கக் குறில்: ஹ, ரு, கி, மு, ர, க, மி. ஏழு எழுத்து, ஏழு தட்டு. 2013 டிசம்பரில் சென்னைக்கு வந்த அப்போதைய பேரரசர் அகிஹிதொவின் பெயரில் ககரம், தகரம் இரண்டும் வலிந்தவை, நான்கு எழுத்தும் குறில். அவர் துணைவியார் மிச்சிகொவின் பெயரில் நடு எழுத்தைத் தமிழில் காட்டுவதற்காக இரட்டித்து எழுதவேண்டியிருக்கிறது. சொல்லும்போது இரட்டிக்கக் கூடாது.

மெல்லெழுத்துக்குப் பின் வரும் வல்லினம் தமிழரை இன்னும் எளிதாகத் தவறவைக்கும். தங்கம், பந்து, வண்டி என்று எங்கும் அது மெலிந்தே வரும். 'ஹோண்டா'வுக்கு இது பொருந்திவிடுகிறது; அங்கே உண்மையிலேயே மெலிந்த ஒலிதான். கென்த, ஜுன்கொ போன்ற இட்ட பெயர்களுக்குப் பொருந்தாது. 'ன்'னுக்கு ஒரு தட்டு கொடுத்து, சற்றே நிறுத்தி, பிறகு 'தலை'யின் தகரத்தையும் 'கொடி'யின் கொகரத்தையும் சொல்ல வேண்டும். தகரமா டகரமா என்ற ஐயத்துக்கும் விடை இங்கேயே: ஜப்பானிய ஒலி பல்லை ஒட்டியது, எனவே தகரம். டகரம் ஆங்கில வழியாக வந்த பழக்கம்.

வலிந்த தகரமும் மெலிந்த தகரமும் எவ்வளவு வேறானவை என்பதற்கு உலகறிந்த ஒரு பெயரே போதும். டொயோட்டா கம்பெனியை நிறுவிய குடும்பத்தின் பெயர் மெலிந்த தகரத்தில் முடிவது. 1936இல் கார்களுக்கு அதை வலிந்த தகரமாக மாற்றிக்கொண்டார்கள். மாற்றிய பெயரை ஜப்பானிய எழுத்தில் எழுத எட்டுக் கோடு போதும், எட்டு அங்கே நல்ல எண். இந்தக் குடும்பத்தின் தொழில் தொடங்கியது காரில் அல்ல, தறியில். சகிச்சி என்ற தச்சர் மகன், 1867இல் பிறந்தவர், 1890இல் ஒரு மரக் கைத்தறி செய்தார். அடுத்த ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். நெய்துகொண்டே நாடா மாற்றும் தானியங்கித் தறி 1924இல் முழுமை பெற்றது. அவர் மகன் கீச்சிரோதான் கார்த் தொழிலைத் தொடங்கினார். தந்தை பெயர் மூன்று தட்டு, மகன் பெயர் ஐந்து. காஞ்சிபுரத்துத் தறிவீடுகளில் இந்த வரலாறு சொல்லப்படவேண்டிய ஒன்று.

அடுத்தது புணர்ச்சி. மெய்யின்மேல் உயிர் ஏறிக்கொள்வது தமிழின் இயல்பு. ஜப்பானியப் பெயரில் 'ன்'னுக்குப் பின் உயிர் வந்தால் இரண்டும் சேராது. 2001 முதல் 2006 வரை பிரதமராக இருந்த கொய்சுமியின் இட்ட பெயர் ஜுன் - இச்சிரோ. 'ஜுனிச்சிரோ' என்று சேர்த்தால் ஒரு தட்டு போய்விடும். உயிரும் உயிரும் அடுத்து வந்தால் தமிழில் உடம்படுமெய் தோன்றும். அதுவும் இங்கே கூடாது. ந, ஒ, கொ மூன்றும் தனித்தனி, 'நவோகோ' அல்ல. மியெகோ என்று நாம் சொல்வது உண்மையில் மி, எ, கொ. இதற்கு மாறாக, கியோகொ என்று தமிழில் ஒன்றுபோல எழுதப்படும் இரண்டு பெண் பெயர்கள் உள்ளன. ஒன்றில் ககரமும் யகரமும் ஒரே தட்டில் சேர்ந்து ஒகரம் நீளும். மற்றதில் கி, யொ, கொ என்று மூன்றும் தனித்து நிற்கும். இரண்டும் மூன்று தட்டே. ஆனால் பெயர் வேறு, ஆள் வேறு.

குற்றியலுகரத்தை அறிந்தவர்களுக்கு இன்னொரு நுட்பம் சட்டென விளங்கும். பட்டு என்ற சொல்லின் கடைசி உகரம் முழுதாக ஒலிக்காமல் குறுகுகிறது. ஜப்பானியத்தில் வலிந்த ஒலிகளுக்கு நடுவே வரும் உகரமும் இகரமும் இதைப்போலத் தேய்ந்து, மூச்சாக மட்டும் நிற்கும். தைசுகெ என்ற ஆண் பெயர் காதில் 'தைஸ்கெ' என்று விழுவது இதனால்தான். சுசுமுவின் முதல் சுகரமும் அப்படித் தேயலாம். ஒலி தேய்ந்தாலும் தட்டு தேயாது என்பது மட்டுமே வேறுபாடு. தமிழில் மாத்திரையும் பாதியாகக் குறையும்.

மற்ற ஒலிகளில் சிக்கல் குறைவு. ரகரம் தமிழ் ரகரமே. ஆங்கில ஒலி வேண்டாம். லகரம் அவர்களிடம் இல்லை. ல, ள, ழ, ர, ற ஐந்தும் அவர்கள் நாவில் ஒன்றாகிவிடும். புமிகொ என்று சொல்லத் தோன்றும் பெயரின் முதல் ஒலியை உதடு குவித்து ஊதிச் சொல்ல வேண்டும், பல் படக்கூடாது. கேகொ என்பதை எழுதும்போது எகரத்துக்குப் பின் இகரம் வரும். பேச்சில் அது நெடில் ஏகாரம்தான், 'கெய்கோ' அல்ல. சுருதி ஏற்ற இறக்கமும் உண்டு. அது தவறினால் அயலார் பேச்சு என்று தெரியும், அவ்வளவே. நீளமும் வல்லினமும் தவறினால்தான் பெயர் கெடும். உழைப்பை அங்கே செலவிடுவது நல்லது.

தமிழரின் பெயர்களுக்காக ஒரு ஜப்பானியர் செலவிட்ட உழைப்பையும் இங்கே சொல்லவேண்டும். வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா, 1933இல் பிறந்து 2015இல் மறைந்தவர், 1960களில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தார். சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையெல்லாம் எ. சுப்பராயலு, மத்சுய் தோரு ஆகியோருடன் சேர்ந்து தொகுத்து, எண்ணி, வகைப்படுத்தி 1978இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். எந்தப் பெயர் எந்த ஊரில், எந்த அரசன் காலத்தில், என்ன பட்டத்தோடு வருகிறது என்று பார்த்தே அந்தச் சமூகத்தின் நிலவுடைமையையும் அதிகாரத்தையும் அவர் ஆராய்ந்தார். 2013இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. அவர் இட்ட பெயர் தமிழ் எழுத்துக்கு நன்றாகப் பொருந்துவது: நொ, பொ, ரு மூன்றும் குறில், நடுப் பகரம் உண்மையிலேயே மெலிந்தது. குடும்பப் பெயரில் மட்டும் நாம் இரண்டு கால்களைச் சேர்த்துவிட்டோம். அது கரஷிம.

எழுத்தைப் பார்த்து ஜப்பானியப் பெயரைச் சொல்லிவிட முடியுமா என்றால், ஜப்பானியராலேயே முடியாது. சீனத்திலிருந்து வந்த சித்திர எழுத்துகளுக்குப் பல வாசிப்புகள் உண்டு. ஓனோவின் பெயரில் 'சுசுமு' என்று ஒலிக்கும் அதே எழுத்துதான் பிரதமராக இருந்த அபே ஷின்சோவின் பெயரில் 'ஷின்' என்று ஒலிக்கிறது. யூகொ என்று ஒருவர் படிக்கும் பெயரை இன்னொருவர் ஹிரொகொ என்று படிக்கலாம்; இரண்டும் சரியாக இருக்கலாம். குழந்தைக்குப் பெயரிட அரசு அனுமதிக்கும் சித்திர எழுத்துகள் ஏறக்குறைய மூவாயிரம். அவற்றை எப்படி வாசிப்பது என்பது குடும்பப் பதிவேட்டில் நெடுங்காலம் குறிக்கப்படவே இல்லை. 2025 மே 26 அன்று நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தத்துக்குப் பிறகே வாசிப்பும் பதிவேட்டில் ஏறுகிறது. அதனால் முதல்முறை சந்திக்கும்போது, உங்கள் பெயரை எப்படி வாசிக்க வேண்டும் என்று கேட்பது அங்கே அன்றாடப் பழக்கம்.

தொழிற்சாலையிலோ வகுப்பறையிலோ ஒரு ஜப்பானியரின் பெயர்ப்பட்டையைப் பார்த்தால் படித்துவிட வேண்டாம், கேளுங்கள். விரலால் தட்டிக்கொண்டே ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். கேட்டதற்காக அங்கே யாரும் வருந்துவதில்லை.